கொலோன் பேராலயம்: 632 ஆண்டுகளில் கட்டிய கோதிக் கட்டடம்

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், ரைன் ஆற்றின் இடக்கரையில் உள்ளது கொலோன் நகரம். அதன் நடுவே, தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி நிற்பது கொலோன் பேராலயம். புனித பேதுருவின் பெயரால் அமைந்த இக்கத்தோலிக்கக் கோவிலுக்கு 1248ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1880ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. இரட்டைக் கோபுரங்களின் உயரம் 157 மீட்டருக்குச் சற்று அதிகம். 1996ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பள்ளியில் ஐரோப்பிய வரலாறு நடத்தியபோது, இடைக்காலக் கலைக்கு எடுத்துக்காட்டாக இதன் படத்தைக் காட்டி இந்த இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு மாணவி எழுந்து, "1880 என்றால் ரயில் வந்துவிட்ட காலமாயிற்றே டீச்சர், இது எப்படி இடைக்காலக் கட்டடம்?" என்று கேட்டாள். "கட்டத் தொடங்கியது இடைக்காலம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிட்டேன். அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் அது புரிந்தது. அன்று சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

நகரமும் அதன் பெயரும்

உரோமானியப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில், கி.பி. 50ஆம் ஆண்டில், இவ்வூர் 'கொலோனியா' என்னும் தகுதி பெற்றது. குடியேற்ற நகர் என்பது அதன் பொருள். நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'காலனி' என்ற சொல்லும் அதே இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். காய்ச்சல் வந்தால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார்களே ஓடிகொலோன், அதுவும் இவ்வூர்ப் பெயரைத் தாங்கியதே. பிரெஞ்சு மொழியில் 'கொலோன் நீர்' என்று பொருள்.

1164ஆம் ஆண்டில் பேராயர் ரைனால்ட், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானியருடையவை என நம்பப்பட்ட திருப்பண்டங்களை இத்தாலியின் மிலான் நகரிலிருந்து இங்கே கொண்டுவந்தார். அவற்றை வைப்பதற்காக வெர்தன் நகர் நிக்கொலாஸ் என்னும் பொற்கலைஞரும் அவர் வழிவந்தவர்களும் பொன்முலாம் பூசிய ஒரு பேழையைச் செய்தனர். 2.20 மீட்டர் நீளமுள்ள அப்பேழை இன்றும் பீடத்துக்குப் பின்னால் உள்ளது. திருப்பண்டங்களைத் தரிசிக்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் பயணிகள் வந்தார்கள். கூட்டமும் காணிக்கையும் பெருகின. 870ஆம் ஆண்டில் நேர்ந்தளிக்கப்பட்ட பழைய கோவில் போதவில்லை. புதிய பேராலயம் தேவைப்பட்டது இதனால்தான்.

கவராயமும் முட்டுச்சுவரும்

கோதிக் என்பது வெறும் அலங்காரப் பாணி என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது கல்லின் பாரத்தை எங்கே இறக்குவது என்ற கணக்குக்குக் கிடைத்த ஒரு விடை. பெயர் மட்டும் வசையாக வந்தது. மறுமலர்ச்சிக் கால இத்தாலியர் இப்பாணியை நாகரிகமற்ற 'கோத்' இனத்தாரின் வேலை என்று இகழ்ந்தனர். கோத்துகளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரைச் சுற்றியுள்ள பகுதியில் தோன்றியது. 1144ஆம் ஆண்டில் நேர்ந்தளிக்கப்பட்ட சாந்தெனி மடாலயக் கோவிலின் பீடப்பகுதியை அதன் தொடக்கமாகக் கொள்வர்.

மாணவர்கள் ஒரு கவராயத்தை எடுத்துக்கொண்டால் இதன் அடிப்படை எளிதில் விளங்கும். ஒரு கோடு வரையுங்கள். முள்ளை ஒரு முனையில் ஊன்றி, மறுமுனை வரை விரித்து, மேல்நோக்கி ஒரு வில் வரையுங்கள். பிறகு மறுமுனையில் ஊன்றி அதே அளவில் இன்னொரு வில். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கூர்முனை கிடைக்கும். சமபக்க முக்கோணம் வரைய வகுப்பில் செய்யும் அதே வேலைதான். இதுவே கோதிக் கூர்வளைவு.

அரைவட்ட வளைவில் அகலம் 6 மீட்டர் என்றால் உயரம் 3 மீட்டர்தான், வேறு வழியில்லை. கூர்வளைவில் அந்தக் கட்டு இல்லை. கோட்டை இருபுறமும் நீட்டி, முள்ளை வெளியே தள்ளி ஊன்றி, கவராயத்தை அகல விரித்து வரைந்தால் வளைவு இன்னும் கூர்மையாகும், இன்னும் உயரும். அதனால் அகலம் வேறுபட்ட வளைவுகளையும் ஒரே உயரத்தில் கொண்டுவந்து சேர்க்க முடிந்தது. மேலும், கூர்வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளுவது குறைவு. கீழ்நோக்கி இறக்குவது அதிகம்.

ஆனாலும் பக்கவாட்டுத் தள்ளுதல் முற்றிலும் நின்றுவிடாது. சாய்கிற சுவருக்கு வெளியிலிருந்து மரம் வைத்து முட்டுக் கொடுப்போம் அல்லவா? கோதிக் கல்தச்சர்கள் அதையே கல்லில் செய்தார்கள். மேல்சுவரிலிருந்து ஒரு கல்வளைவு அந்தரத்தில் தாவி, வெளியே தள்ளி நிற்கும் கனத்த தூணில் போய் ஊன்றும். இதைப் பறக்கும் முட்டுச்சுவர் என்கிறார்கள். பாரத்தை வளைவுகளும் தூண்களும் முட்டுகளும் சுமந்துகொண்டதால் சுவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் வண்ணக் கண்ணாடியை நிறுத்தினார்கள். வெளியே எலும்புக்கூடுபோல் தெரியும் அத்தனை கல்லும், உள்ளே ஒளி வருவதற்காகத்தான்.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. பிரான்சின் பொவே நகரில் இன்னும் உயரமாக, 48 மீட்டரில் விதானம் அமைத்தார்கள். 1284ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கொலோனில் விதானத்தின் உயரம் 43.35 மீட்டர். அது நின்றது.

தொடக்கமும் நிறுத்தமும்

பழைய கோவிலை ஒரேயடியாக இடித்துவிட யாரும் எண்ணவில்லை. கிழக்குப் பகுதியை மட்டும் தீ வைத்துத் தகர்த்து, மற்ற பகுதியில் வழிபாட்டைத் தொடர்வதாகத் திட்டம். 1248 ஏப்ரல் 30 அன்று வைத்த தீ காற்றில் பரவி முழுக் கோவிலையும் எரித்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பேராயர் கொன்ராட் புதிய கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார். தலைமைக் கட்டடக் கலைஞர் கெர்ஹார்ட். பிரான்சில் அப்போது எழுந்துகொண்டிருந்த அமியான் பேராலயத்தை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பது கொலோனின் தரைப்படத்தைப் பார்த்தாலே தெரியும்.

கல் ரைன் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள டிராகன்ஃபெல்ஸ் குன்றிலிருந்து படகில் வந்தது. 1322ஆம் ஆண்டில் கிழக்குப் பகுதி மட்டும் முடிந்து நேர்ந்தளிக்கப்பட்டது. மேற்கே வேலை நடக்கவேண்டியிருந்ததால் இடையில் ஒரு தற்காலிகச் சுவரை எழுப்பி அடைத்திருந்தார்கள். அந்தத் 'தற்காலிக'ச் சுவர் 1863ஆம் ஆண்டு வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, நின்றது!

தெற்குக் கோபுரம் 1360ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியது. 15ஆம் நூற்றாண்டில் அது இரண்டு அடுக்கு உயர்ந்து, மணிகளும் தொங்கவிடப்பட்டன. வடக்குக் கோபுரம் தரையைவிட்டு அதிகம் எழவில்லை. பிறகு வேலை மெல்ல மெல்லத் தளர்ந்தது. சமயச் சீர்திருத்த இயக்கத்துக்குப் பின் யாத்திரிகர் வரவும் காணிக்கையும் குறைந்தன. இரசனையும் மாறிவிட்டது, கூர்வளைவு பழைய பாணி என்றாயிற்று. 1560ஆம் ஆண்டில் கோவில் நிர்வாகம் வேலையை நிறுத்தியது.

அப்போது தெற்குக் கோபுரத்தின் உச்சியில் ஒரு மரக் கிரேன் இருந்தது. ஆட்கள் சக்கரத்துக்குள் நின்று மிதித்துச் சுழற்றிக் கல்லைத் தூக்கும் வகை. அதை யாரும் இறக்கவில்லை. நாளைக்கு வேலை தொடங்கும் என்பதுபோல 1868ஆம் ஆண்டு வரை அது அங்கேயே இருந்தது. பழைய ஓவியங்களில் கொலோன் நகரை அடையாளம் காண்பதற்கு இந்தக் கிரேன் ஒன்றே போதும். கிழக்கே முடிந்த பீடப்பகுதி, மேற்கே மொட்டைக் கோபுரம், நடுவே தாழ்ந்த தற்காலிகக் கூரை. பத்துத் தலைமுறைக்கும் மேலாக அவ்வூர் மக்கள் பார்த்த பேராலயம் அதுதான்.

1794ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சிப் படை நகருக்குள் நுழைந்தது. பேராலயம் குதிரைத் தீவனக் கிடங்காயிற்று.

நான்கு மீட்டர் வரைபடம்

இனி வருவதுதான் மாணவியின் கேள்விக்கு நேரான விடை.

இடைக்காலக் கல்தச்சர்கள் மேற்கு முகப்பையும் இரு கோபுரங்களையும் உச்சி வரை வரைந்து வைத்திருந்தார்கள். பதனிட்ட தோலில் மையால் வரைந்த அப்படத்தின் உயரம் ஏறத்தாழ 4 மீட்டர். பிரெஞ்சு ஆட்சிக் காலக் குழப்பத்தில் அது காணாமல் போயிற்று. 1814ஆம் ஆண்டில் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு விடுதியின் பரணில் பாதி கிடைத்தது. அதன்மேல் அவரையை உலர்த்திக்கொண்டிருந்தார்கள் என்று கதை சொல்வார்கள். மற்றப் பாதியை 1816ஆம் ஆண்டில் பாரிஸில் கண்டுபிடித்தவர் சுல்பிஸ் புவாசெரே. கொலோன் வணிகக் குடும்பத்தில் பிறந்த இவர், பேராலயத்தை முடிக்கவேண்டும் என்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தவர். கவிஞர் கெதேயின் ஆதரவையும் இவர் தேடிப் பெற்றார்.

ஆகவே 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோபுரங்கள் யாரோ மனம்போன போக்கில் 'பழைய பாணியில்' கட்டியவை அல்ல. வரைந்தவர் இடைக்காலத்தவர், கல்லை அடுக்கியவர் பல நூற்றாண்டு கழித்து வந்தவர். நம் ஊரில் கோதிக் என்றதும் பலருக்கு நினைவு வரும் சென்னை சாந்தோம் பேராலயம் 1896ஆம் ஆண்டில் முடிந்தது. அது தொடக்கம் முதலே புதுக்கோதிக். ஏறத்தாழ அதே காலத்தில் முடிந்தாலும் கொலோன் கோபுரங்களை அந்த வகையில் அடக்க முடியாது.

ஆனால் முழுக் கட்டடத்துக்கும் இப்படிச் சொல்லிவிடவும் கூடாது. வடக்கிலும் தெற்கிலும் உள்ள குறுக்குக் கூடங்களின் முகப்புகளுக்கு இடைக்கால வரைபடம் எதுவும் இல்லை. 1833 முதல் கட்டடப் பணியின் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் ஃபிரீட்ரிஹ் ஸ்விர்னர், மேற்கு முகப்பைப் பார்த்துத் தாமே அவற்றை வடிவமைத்தார். வழிகாட்டிகள் பலர் இதைச் சொல்லாமலே பயணிகளை அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். சொன்னால் மதிப்புக் குறையும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

யாருடைய பேராலயம்?

நெப்போலியனின் தோல்விக்குப் பின் ரைன் பகுதி பிரஷ்ய அரசுக்குக் கிடைத்தது. முடிவுறாத பேராலயம், ஒன்றுபடாத ஜெர்மனியின் உருவமாகப் பலருக்குத் தோன்றியது. 1814ஆம் ஆண்டிலேயே யோசெஃப் கோரெஸ் தம் இதழில் இதை முடிக்கவேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். 1842ஆம் ஆண்டில் பொதுமக்கள் சேர்ந்து பேராலயக் கட்டடச் சங்கத்தைத் தொடங்கினர். அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரீட்ரிஹ் வில்ஹெல்ம் பணியைத் தொடர்வதற்கான அடிக்கல்லை நாட்டினார்.

மன்னர் புரொட்டஸ்டண்ட், கொலோன் மக்கள் கத்தோலிக்கர். ஐந்து ஆண்டுகளுக்கு முன்தான், கலப்புத் திருமணம் பற்றிய தகராறில் கொலோன் பேராயரைப் பிரஷ்ய அரசு சிறைப்பிடித்திருந்தது. ஆகவே அந்த அடிக்கல்லில் பக்தியோடு அரசியலும் கலந்திருந்தது. கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனெ முதலில் பாரிஸில் இருந்த ஆதரவுச் சங்கத்தின் துணைத்தலைவராக இருந்தார். 1844ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நெடுங்கவிதையில் அவரே இந்தத் திட்டத்தைக் கேலி செய்தார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோதிக்கே ஜெர்மானியரின் சொந்தக் கலை என்று அப்போது பரவலாக நம்பினார்கள். கல்லை ஏற்றிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே, இப்பாணி பிரான்சில் பிறந்தது, கொலோனுக்கு முன்மாதிரி அமியான் என்பதை ஆய்வாளர்கள் நிறுவிவிட்டார்கள். தேசியச் சின்னத்தின் வேர் பக்கத்து நாட்டில் இருந்தது! வேலை நிற்கவில்லை.

அரசு நிதியோடு சங்கத்தின் நன்கொடையும், பின்னர் பரிசுச்சீட்டு விற்பனையும் கைகொடுத்தன. 1863ஆம் ஆண்டில் இடைச்சுவர் இடிக்கப்பட்டது. முதன்முறையாகக் கிழக்கு முனை முதல் மேற்கு முனை வரை, 144 மீட்டர் நீளமும் ஒரே கோவிலாயிற்று. கூரையை மரத்தில் அல்லாமல் இரும்பில் அமைத்தார்கள். ஸ்விர்னர் 1861ஆம் ஆண்டில் இறந்தார். ரிஹார்ட் ஃபோய்க்டெல் பொறுப்பேற்றுக் கோபுரங்களை முடித்தார்.

1880 அக்டோபர் 15 அன்று நிறைவு விழா. பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் வந்திருந்தார். பேராயர் வரவில்லை, அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் மூண்ட மோதலில் அவர் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். 632 ஆண்டுக் காத்திருப்பு முடிந்த அன்று பேராலயத்துக்கு உரிய பேராயர் ஊரில் இல்லை. வரலாற்றுப் பாடத்தில் நான் நடத்தாமல் விட்டதற்கு வருந்தும் செய்திகளில் இதுவும் ஒன்று.

அந்நாளில் உலகிலேயே உயரமான கட்டடம் இதுவே. 1884ஆம் ஆண்டில் வாஷிங்டன் நினைவுத்தூண் அந்தப் பெருமையை எடுத்துக்கொண்டது.

செங்கல் அடைப்பு

இரண்டாம் உலகப் போரில் ஆயிரம் விமானங்கள் ஒரே இரவில் தாக்கிய முதல் நகரம் கொலோன். அது 1942 மே மாத இறுதியில் நடந்தது. போர் முடிந்தபோது நகரின் நடுப்பகுதி கற்குவியலாகக் கிடந்தது. பேராலயத்தின்மீது 14 பெருங்குண்டுகள் விழுந்தன. நடுக்கூடத்தின் விதானங்கள் பல இடிந்தன. கோபுரங்கள் நின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடைக்காலத்தவர் முடித்திருந்தால் கூரையை மரத்தில்தான் அமைத்திருப்பார்கள். தீக்குண்டு மழையில் அது என்ன ஆகியிருக்கும் என்பதை 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர தாம் எரிந்ததைப் பார்த்தவர்கள் ஊகிக்கலாம். கொலோனில் கூரைச் சட்டங்கள் இரும்பு; தீப்பிடிக்கவில்லை. 'உண்மையான கோதிக்கில் இரும்பு ஏது' என்று குறை சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கூரைதான் 13ஆம் நூற்றாண்டின் கல்லைத் தீயிலிருந்து காத்தது.

1943 நவம்பரில் ஒரு குண்டு வடக்குக் கோபுரத்தின் முட்டுத்தூணில் பெரிய ஓட்டையைப் போட்டது. கோபுரமே சரியும் ஆபத்து. அவசரமாகச் சுமார் 20,000 செங்கற்களை வைத்து ஓட்டையை அடைத்தார்கள். கருத்த கல்லின் நடுவே அந்தச் சிவந்த அடைப்பு அறுபது ஆண்டுகள் அப்படியே தெரிந்தது. ஊரார் அதைப் 'பேராலயத்தின் பல் அடைப்பு' என்று அழைத்தார்கள். போரின் நினைவாக அதை விட்டுவைக்கவேண்டும் என்றனர் ஒரு சாரார். பழைய வடிவத்தை மீட்கவேண்டும் என்றனர் மறு சாரார். 2005ஆம் ஆண்டில் செங்கல்லின்மேல் கல் போர்த்தி, பழைய வடிவத்தை முடித்தார்கள். என்னைக் கேட்டால் விட்டிருக்கலாம் என்பேன். 1322, 1880 ஆகிய ஆண்டுகளைப் போலவே 1943ம் இக்கட்டடத்தின் ஓர் ஆண்டுதான்.

நேரில் பார்ப்பவர்களுக்கு

மேற்கு வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு பலர் திருப்தியடைந்து விடுகிறார்கள். தெற்குக் கோபுரத்தின் அடியிலுள்ள பேதுரு வாசலைத் தேடிப் பாருங்கள். இடைக்காலத்திலிருந்து எஞ்சிய வாசல் அது ஒன்றே. அக்கோபுரத்தில் 533 படிகள் ஏறலாம். முழங்கால் இடம் கொடுப்பவர்கள் ஏறட்டும். மணிமண்டபத்தோடு திரும்புவதிலும் தவறில்லை. அங்கே தொங்கும் 24 டன் எடையுள்ள பேதுரு மணி 1923ஆம் ஆண்டில் வார்க்கப்பட்டது.

உள்ளே போனால் பீடப்பகுதிக்குச் செல்லுங்கள். 1322ஆம் ஆண்டின் கோதிக் அங்கேதான் இருக்கிறது. அகலத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேலான உயரம். 104 இருக்கைகள் கொண்ட மரவேலைப்பாடு 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதன் கிழக்குக் கோடியில் 1260ஆம் ஆண்டளவில் செய்த விவிலியக் காட்சிச் சன்னலைக் காணலாம். பேராயர் கெரோ அளித்த மரச்சிலுவை கோவிலையும்விடப் பழையது, 10ஆம் நூற்றாண்டு.

பிறகு தெற்குக் குறுக்குக் கூடத்துக்கு வாருங்கள். போரில் உடைந்த சன்னலுக்குப் பதிலாக ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்த சன்னல் 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 72 வண்ணங்களில் 11,263 சதுரக் கண்ணாடிகள். உருவம் எதுவும் இல்லை. அன்றைய பேராயருக்கு அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். நண்பகல் வெயிலில் அந்தச் சதுரங்களின் நிறம் தரையில் விழுந்து நகர்வதைக் குழந்தைகள் ஓடி ஓடி மிதிப்பார்கள்.

வெளியே வந்தால் எங்காவது ஒரு மூலையில் சாரம் கட்டியிருக்கும். பேராலயத்துக்கென்றே நிரந்தரமான கல்தச்சர் பட்டறை இயங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் பயன்படுத்திய ஒருவகை மணற்கல் புகையிலும் மழையிலும் வேகமாக அரித்துவிட்டது. கூர்முனைகளையும் இலைவேலைகளையும் கல்தச்சர்கள் ஒவ்வொன்றாகச் செதுக்கி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதே உருவை மீண்டும் கல்லில் கொண்டுவருவது அவர்கள் வேலை. 'பேராலயம் முடியும் அன்று உலகமும் முடியும்' என்று கொலோனில் ஒரு சொல்வழக்கு உண்டு. 1880ஆம் ஆண்டில் முடிந்துவிட்டது என்று கரும்பலகையில் எழுதிய என்னை, அவ்வூர்க் கல்தச்சர் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.